முன்னாள் ஆசிரியர்களின் படைப்புகளைப் பல்கலைக்கழகம் ஏன் சேகரிக்கிறது?

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில், கேட்டோ மேனர்ப் பகுதியின் பெல்லேர் சாலையில் அம்பலவாணர் ஆலயம் இருக்கிறது. அம்பிலோ ஆற்றங்கரையில் 1875-இல் எழுந்த பழைய கோயிலை 1905-ஆம் ஆண்டு வெள்ளம் அழித்துவிட்டது. அதிலிருந்து மீட்கப்பட்ட செதுக்கு வேலைப்பாடுள்ள மரக்கதவுகள், 1940-களில் கட்டப்பட்ட இன்றைய கோயிலின் முகப்பில் பொருத்தப்பட்டிருக்கின்றன. இந்திய ஒப்பந்தத் தொழிலாளர்களை ஏற்றிக்கொண்டு மதராசிலிருந்து வந்த முதல் கப்பல் 1860 நவம்பர் 16 அன்று 342 பேருடன் டர்பன் துறைமுகத்தை அடைந்தது; அதற்குப் பதினைந்தே ஆண்டுகளில் எழுந்த கோயிலின் கதவுகள் அவை. கரும்புத் தோட்டத்துக்கு வேலையாள் கணக்கில் வந்திறங்கிய அந்தத் தலைமுறைக்குள் மரத்தை அளக்கவும் இழைக்கவும் பூவாகச் செதுக்கவும் கற்ற கைகள் இருந்தன என்பதற்கு இதைவிட நேரான சான்று வேண்டியதில்லை. வெள்ளம் வடிந்த பிறகு அந்தக் கதவுகளை எடுத்து வைத்தவர்கள் ஒரு பொருளைக் காப்பாற்றியதோடு, ஒரு தொழிற்கல்வியின் எச்சத்தையும் நமக்காகக் காப்பாற்றினார்கள்.

ஒரு பல்கலைக்கழகம் தன்னிடம் முன்பு ஓவியமும் சிற்பமும் கற்பித்த ஆசிரியர்களின் படைப்புகளைத் தேடிச் சேர்ப்பதும் இதே வகையான வேலைதான். கலைத் துறையோடு பழக்கம் இல்லாத ஒருவருக்கு இது முதலில் வியப்பாக இருக்கலாம். வேதியியல் பேராசிரியர் ஓய்வு பெற்றால் அவருடைய சோதனைக் குழாய்களை யாரும் சட்டமிட்டு மாட்டுவதில்லை. அவர் கண்டறிந்தவை ஆய்விதழ்களில் அச்சாகி, உலகம் எங்கும் உள்ள நூலகங்களில் இருக்கின்றன. ஓவிய ஆசிரியருக்கோ சிற்ப ஆசிரியருக்கோ அந்த வசதி கிடையாது. அவருடைய ஆராய்ச்சி அவருடைய படைப்பில் இருக்கிறது. அந்தப் படைப்பு பெரும்பாலும் உலகில் ஒன்றே ஒன்றாக இருக்கிறது. அது விற்கப்பட்டு யாரோ ஒருவர் வீட்டு வரவேற்பறைக்குப் போய்விட்டால், அந்தத் துறையில் முப்பது ஆண்டுகள் என்ன கற்பிக்கப்பட்டது என்ற கேள்விக்கு விடை சொல்லும் பக்கம் கிழிந்துபோகிறது.

தமிழர்களுக்கு இந்தக் கருத்து புதியதல்ல. நாகசுரத்திலும் பரதத்திலும் ‘இன்னாருடைய பாணி’ என்று சொல்லும்போது நாம் ஆசிரியர் மரபைத்தான் சொல்கிறோம். டர்பனைச் சூழ்ந்த நேட்டால் பகுதியின் கரும்புத் தோட்டங்களில் தெருக்கூத்தும் வாத்தியாரிடமிருந்து மாணவனுக்கு என்று உடல் வழியாகவே கடந்து வந்தது. ஆனால் ஆட்டமும் இசையும் அடுத்தவர் உடலில் தங்கும். களிமண்ணையும் வண்ணத்தையும் கையாளும் கலைகளில் கற்பித்தவரின் கை எப்படி இயங்கியது என்பதை அவர் விட்டுச் சென்ற பொருளை வைத்தே அறிய முடியும். ஆகவே காண்கலைகளில் ‘கற்பித்தல் மரபு’ என்பது ஆசிரியர், அவர் செய்த பொருள், அவரிடம் கற்றவர் செய்த பொருள் ஆகிய மூன்றும் சேர்ந்த ஒன்று. இவற்றில் எது விடுபட்டாலும் மரபு என்ற சொல் வெறும் புகழுரையாகிவிடும்.

பீட்டர்மாரிட்ஸ்பர்க் நகரில் உள்ள பல்கலைக்கழகக் கலைத் துறையை எடுத்துக்கொண்டால் இது தெளிவாகும். இன்று அது க்வாசூலு-நேட்டால் பல்கலைக்கழகத்தின் காட்சிக்கலை மையம். முன்பு நேட்டால் பல்கலைக்கழகத்தின் நுண்கலைத் துறை. அங்கு மட்பாண்டக் கலையைக் கற்பித்த ஹில்டா டிட்ச்பர்ன், தென்னாப்பிரிக்கப் பகுதியில் கல்மண் வகைப் பாண்டங்களைச் செய்வதில் முன்னோடியாகக் கருதப்படுபவர். கல்மண் பாண்டம் என்பது சாதாரண மண் சட்டியைவிட மிக உயர்ந்த வெப்பத்தில், ஏறத்தாழ 1200 பாகை செல்சியசுக்கு மேல், சுடப்படுவது. அந்த வெப்பத்தில் மண் இறுகிக் கல்போல ஆகித் தண்ணீரை உறிஞ்சாத தன்மையைப் பெறுகிறது. அந்த வெப்பத்தைத் தாங்கும் சூளையும், அதற்கு ஏற்ற மண்கலவையும், அந்த வெப்பத்தில் உருகிப் படியும் மெருகும் வேண்டும். இந்த மூன்றையும் ஓர் ஊரில் முதன்முதலாக அமைத்துக்கொள்ளும் ஆசிரியர், பாடத்தோடு சேர்த்து ஒரு தொழில்நுட்பத்தையே அந்த ஊருக்குக் கொடுத்துவிடுகிறார்.

டிட்ச்பர்னிடம் கற்று, பிறகு அதே துறையில் ஆசிரியரானவர் ஜூலியட் ஆம்ஸ்ட்ராங். 1950-இல் பிறந்து 2012-இல் மறைந்த அவர், எலும்புச் சாம்பல் கலந்த பீங்கானில் செய்த மெல்லிய படைப்புகளுக்காக அறியப்பட்டவர். அந்தப் பீங்கானின் கலவையில் பாதியளவு எலும்புச் சாம்பலாக இருக்கலாம். சுட்ட பிறகு ஒளி ஊடுருவும் அளவுக்கு அது வெண்மையாகவும் மெல்லியதாகவும் அமையும். ஆனால் சுடும்போது எளிதில் தொய்ந்து உருக்குலைந்துவிடும் என்பதால் கலைஞர்கள் பலர் அதன் பக்கம் போவதில்லை. அந்தப் பகுதியின் சூலு மக்கள் செய்யும் மட்கலங்களைப் பற்றியும் அவர் ஆராய்ந்தார். டிட்ச்பர்னின் கனத்த கல்மண் பாண்டத்தையும் ஆம்ஸ்ட்ராங்கின் ஒளி கசியும் பீங்கானையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கும் மாணவருக்கு, ஆசிரியரிடமிருந்து மாணவி எதை எடுத்துக்கொண்டார், எதை விட்டு விலகினார் என்பது ஒரு நூல் படித்துக் கிடைக்கும் அறிவைவிட விரைவாகப் புரியும். முன்னாள் ஆசிரியர்களின் படைப்புகளை ஒரே கூரையின் கீழ் சேர்ப்பதன் முதன்மையான பயன் இதுதான் என்று நான் நினைக்கிறேன். தனித்தனியே அவை அழகான பொருள்கள். சேர்த்து வைத்தால் பாடம்.

ஒரே நிறுவனத்தில் மாணவராகவும் ஆசிரியராகவும் இருந்தவர்கள் இந்தச் சங்கிலியில் சிறப்பான கண்ணிகள். டர்பன் கலைப் பள்ளியில் முதல் உலகப் போர்க் காலத்தில் பயின்ற சிற்பி மேரி ஸ்டெயின்பேங்க், லண்டன் ராயல் கலைக் கல்லூரியில் மேற்படிப்பை முடித்துத் திரும்பி, 1940-களின் நடுவில் தான் பயின்ற அதே பள்ளியில் சிற்பப் பிரிவின் ஆசிரியரானார். அவருக்குக் கற்பித்தவர்களில் ஒருவரான ஜான் ஆடம்ஸ், 1921-இல் இங்கிலாந்து திரும்பி, பூல் நகரில் புகழ்பெற்ற மட்பாண்ட நிறுவனத்தின் பங்குதாரராகச் சேர்ந்தவர். டர்பனில் ஒரு வகுப்பறையில் தொடங்கும் இழை இங்கிலாந்தின் தொழிற்கூடம் வரை போகிறது. அந்த இழையைப் பிடித்துக்கொண்டு போக, ஆடம்ஸ் செய்த ஒரு கலமும் ஸ்டெயின்பேங்க் செதுக்கிய ஒரு தலையும் நம் கண்முன் இருக்க வேண்டும்.

எவற்றைச் சேர்க்க வேண்டும்?

பலர் நினைப்பதுபோல, ஆசிரியரின் மிகச் சிறந்த ஓவியத்தை விலை கொடுத்து வாங்கி மண்டபத்தில் மாட்டுவதோடு இந்த வேலை முடிவதில்லை. பெயர் பெற்ற ஓவியத்தை எந்தக் கலைக்கூடமும் வாங்கும். பல்கலைக்கழகம் மட்டுமே அக்கறை கொள்ளக்கூடிய பொருள்கள் வேறு இருக்கின்றன: மாணவர்களுக்குச் செய்து காட்டுவதற்காக அரை மணி நேரத்தில் வரைந்த வரைவு, ஒரே மெருகை வெவ்வேறு வெப்பத்தில் சுட்டுப் பார்த்த சிறிய சோதனை வில்லைகள், அச்சுக்கு முந்திய செம்புத் தகடு, மாணவரின் வரைவின்மேல் ஆசிரியர் கரித்துண்டால் திருத்திய கோடு, பாடக் குறிப்பேடு, தேர்வு வினாத்தாள். சந்தையில் இவற்றுக்கு மதிப்பு குறைவு. கற்பித்தலின் வரலாற்றை எழுத வருபவருக்கோ இவையே முதல் ஆதாரம். ஆசிரியர் ஓய்வு பெறும் நாளில் அறையைக் காலி செய்யும்போது குப்பைக்குப் போவதும் பெரும்பாலும் இவையே. என்னைக் கேட்டால், பெரிய ஓவியம் ஒன்றுக்கு ஒதுக்கும் பணத்தில் ஒரு பகுதியை இந்தச் சிறு பொருள்களை வகைப்படுத்திப் பாதுகாக்கும் ஊழியருக்குச் சம்பளமாகக் கொடுப்பது மேல்.

இங்கே இன்னொரு செய்தியையும் சொல்ல வேண்டும். நல்ல ஆசிரியர் எல்லாரும் பெரிய கலைஞர்கள் அல்லர். பெரிய கலைஞர் எல்லாரும் நல்ல ஆசிரியர்களும் அல்லர். சேகரிப்பின் நோக்கம் கற்பித்தல் மரபைக் காட்டுவது என்றால், புகழ் குறைந்த, ஆனால் பல நூறு மாணவர்களுக்குக் கோடு பிடிக்கக் கற்றுக்கொடுத்த ஆசிரியருக்கும் அதில் இடம் இருக்க வேண்டும்.

‘முன்னாள்’ என்ற சொல்லுக்கும் காரணம் உண்டு. பணியில் இருக்கும் ஆசிரியரின் படைப்பை அவருடைய சக ஊழியர்களே அமர்ந்திருக்கும் குழு விலைக்கு வாங்கினால், அங்கே தாட்சண்யமும் சலுகையும் நுழைவதைத் தடுப்பது கடினம். நிறுவனத்தின் சேகரிப்பில் இடம் பெறுவது கலைஞரின் சந்தை மதிப்பை உயர்த்தும் என்பதால் அது நேர்மைப் பிரச்சினையும் ஆகிறது. ஆசிரியர் விலகிய பிறகு, சில ஆண்டுகள் கடந்த பிறகு, அவருடைய வேலையைப் பார்க்கும் கண் தெளிவடைகிறது. ஜொகானஸ்பர்க் விட்வாட்டர்ஸ்ரான்ட் பல்கலைக்கழகத்தில் 1966 முதல் 1983 வரை கற்பித்த ராபர்ட் ஹாட்ஜின்ஸ் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. கற்பித்தலை விட்டபோது அவருக்கு அறுபது வயதைக் கடந்திருந்தது. ஓவியராக அவருடைய பெரும்புகழ் அதற்குப் பிறகே வந்தது. அவர் தம் அச்சோவியங்களின் பெரும் தொகுப்பைத் தாமே அந்தப் பல்கலைக்கழகத்துக்கு நன்கொடையாக அளித்தார். 2010-இல் அவர் மறைந்தார். 2012-இல் அந்தப் பல்கலைக்கழகத்தின் கலை அருங்காட்சியகம் தன் இன்றைய கட்டடத்தில் திறக்கப்பட்டது. அவர் பணியில் இருந்த காலத்தோடு சேகரிப்பை நிறுத்தியிருந்தால், அவருடைய கலை வாழ்வின் முதல் பகுதியோடு கதை முடிந்திருக்கும்.

பொருள் எப்படி வந்து சேர்கிறது?

விலைக்கு வாங்குவது, நன்கொடையாகப் பெறுவது, உயில் வழியாகப் பெறுவது என்பவை வழக்கமான வழிகள். இவற்றில் நன்கொடையே மிகுதி. பல்கலைக்கழகங்களிடம் கலைப்பொருள் வாங்கும் பணம் எப்போதும் குறைவு. நன்கொடை என்றதும் ‘கொடுத்தார், வாங்கிக்கொண்டார்கள்’ என்று நினைக்கக் கூடாது. கொடுப்பவருக்கு உரிமை இருக்கிறதா, கணவன் மனைவியரில் ஒருவர் மட்டும் கையெழுத்திட்டால் போதுமா, உடன்பிறந்தவர்களின் பங்கு என்ன, எப்போதும் காட்சியில் வைக்க வேண்டும் என்பது போன்ற நிபந்தனை இருக்கிறதா என்பவற்றை எல்லாம் எழுத்தில் தீர்த்துக்கொண்ட பிறகே நன்கொடைப் பத்திரம் கையெழுத்தாக வேண்டும். பிறகு அந்தப் பொருளுக்கு ஒரு பதிவு எண் தரப்படும். வந்த ஆண்டு, அந்த ஆண்டில் வந்த வரிசை, தொகுதிக்குள் அதன் இடம் ஆகியவை அந்த எண்ணிலேயே தெரியும்படி அமைப்பது வழக்கம். அதோடு, அந்தப் பொருள் கலைஞரின் கையிலிருந்து இன்றுவரை யார் யாரிடம் இருந்தது என்ற உடைமை வரலாறும் எழுதப்படும். உடைமை வரலாறு இல்லாத ஓவியம், பிறப்புச் சான்றிதழ் இல்லாத பிள்ளையைப் போல, எல்லா இடத்திலும் கேள்விக்கு உள்ளாகும்.

பொருளைப் பெறுவது வேறு, பதிப்புரிமையைப் பெறுவது வேறு என்பதைப் புதியவர்கள் அடிக்கடி மறந்துவிடுகிறார்கள். தென்னாப்பிரிக்காவின் 1978-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி, ஓவியம், சிற்பம் போன்ற கலைப்படைப்புகளின் உரிமை கலைஞர் மறைந்து 50 ஆண்டுகள் வரை நீடிக்கிறது. பல்கலைக்கழகம் ஓவியத்தை வைத்திருந்தாலும், அதன் படத்தை நாட்காட்டியிலோ இணையத்திலோ வெளியிட வாரிசுகளின் ஒப்புதல் வேண்டியிருக்கும். பத்திரத்தில் ஒரே ஒரு வரி சேர்த்திருந்தால் தீர்ந்திருக்கும் சிக்கல், இருபது ஆண்டுகள் கழித்து மூன்று நாடுகளில் பரவியிருக்கும் பேரப்பிள்ளைகளைத் தேடுவதில் போய் முடிகிறது.

பாதுகாப்பைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லலாம். காகிதத்தில் செய்த படைப்புகளுக்கு 50 லக்ஸ் (ஒளியின் அளவைக் குறிக்கும் அலகு) அளவுக்கு மேல் ஒளி படக் கூடாது என்பதும், எண்ணெய் வண்ண ஓவியத்துக்கு ஏறத்தாழ 200 லக்ஸ் வரை பொறுக்கலாம் என்பதும் பொதுவான நெறி. காற்றின் ஈரப்பதம் 65 விழுக்காட்டைக் கடந்து நீடித்தால் பூஞ்சணம் பிடிக்கும் வாய்ப்பு மிகும். கோடைக்காலத்து டர்பனில் வாழ்பவர்களுக்கு இதைத் தனியாக விளக்க வேண்டியதில்லை. கடலோர ஊரில் சேகரிப்பு தொடங்குவதற்கு முன் ஈரம் நீக்கும் கருவிக்கும் அதை ஓட்டும் மின்சாரத்துக்கும் வழி செய்திருக்க வேண்டும்.

யாருடைய மரபு?

தென்னாப்பிரிக்காவில் இந்தக் கேள்வியைத் தவிர்த்துவிட்டு யாரும் கலைக் கல்வியின் வரலாற்றைப் பேச முடியாது. நிறப்பிரிவினை அரசு 1959-இல் இயற்றிய பல்கலைக்கழகக் கல்விச் சட்டம் மாணவர்களை இனவாரியாகப் பிரித்தது. இந்தியர்களுக்கென்று டர்பன் துறைமுகத்தில், சாலிஸ்பரி தீவில், கடற்படை விட்டுச் சென்ற பழைய கட்டடங்களில் ஒரு பல்கலைக்கழகக் கல்லூரி 1961-இல் தொடங்கியது. அதுவே 1970-களின் தொடக்கத்தில் வெஸ்ட்வில் குன்றின்மேல் இடம் மாறி டர்பன்-வெஸ்ட்வில் பல்கலைக்கழகமாக வளர்ந்தது. நம்முடைய பெற்றோர், தாத்தா பாட்டி தலைமுறையில் கலை பயில விரும்பிய தமிழ்ப் பிள்ளைகளுக்குத் திறந்திருந்த ஒரு சில வாசல்களில் அந்தத் தீவும் ஒன்று. அங்கே கற்பித்தவர்களில் ஓவியர் ஆன்ட்ரூ வெர்ஸ்டரும் இருந்தார். பின்னர் அவர் நேட்டால் டெக்னிக்கான் என்ற தொழில்நுட்ப உயர்கல்வி நிறுவனத்திலும் கற்பித்து, 1976-இல் கற்பித்தலை விட்டு முழுநேர ஓவியரானார்.

2002-இல் நேட்டால் டெக்னிக்கானும், கொல்லத்திலிருந்து ஒப்பந்தத் தொழிலாளியாக வந்த ஹாஜி எம்.எல். சுல்தானின் கொடையால் இந்தியர்களுக்கென எழுந்த எம்.எல். சுல்தான் டெக்னிக்கானும் ஒன்றாயின. அதுவே இன்றைய டர்பன் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம். 2004 ஜனவரி 1 அன்று நேட்டால் பல்கலைக்கழகமும் டர்பன்-வெஸ்ட்வில் பல்கலைக்கழகமும் இணைந்து க்வாசூலு-நேட்டால் பல்கலைக்கழகமாயின. நிறுவனங்கள் இணையும்போது கட்டடங்களும் ஊழியர்களும் கணக்கில் வருவார்கள். நினைவு கணக்கில் வருவதில்லை. இணைந்த பல்கலைக்கழகம் ‘எங்கள் முன்னாள் ஆசிரியர்கள்’ என்று சொல்லும்போது, வசதியாக இயங்கிய கூடத்தில் கற்பித்தவரை மட்டும் நினைக்கிறதா, தீவின் பழைய கட்டடங்களில் கற்பித்தவரையும் சேர்த்து நினைக்கிறதா என்பதை அதன் சேகரிப்புப் பட்டியலே காட்டிவிடும். ஆசிரியர்களின் படைப்பை மட்டும் சேர்த்தால் இன்னொரு குறையும் நேரும்: அந்தக் காலத்தில் விரிவுரையாளர் பதவி யாருக்குக் கிடைத்ததோ அவர்களே சுவரில் இருப்பார்கள். மாணவர்களின் படைப்பையும் அருகில் வைக்காத சேகரிப்பு, அன்றைய நியமனப் பட்டியலை இன்றும் மறுபடி வாசிப்பதாகவே ஆகும்.

சேர்க்கவே முடியாமல் போன மரபுகளும் உண்டு. ரிச்மண்ட் ஊருக்கு அருகே இன்டலேனியில் 1952 முதல் 1981 வரை கறுப்பின ஆசிரியர்களுக்குக் கலை கற்பிக்கும் பயிற்சி நடந்தது. பொருள் வாங்கப் பணம் இல்லாததால் கிடைத்த மண்ணிலும் மரத்திலும் சிமெண்டிலும் மாணவர்கள் செய்தவற்றுள் பெரும்பகுதி வெயிலிலும் மழையிலும் கரைந்தது. அதற்கு மாறாக, ஈஸ்டர்ன் கேப் மாநிலத்து ஃபோர்ட் ஹேர் பல்கலைக்கழகத்தில் மானிடவியல் பேராசிரியர் டி யாகர் 1964-இல் தொடங்கிய முயற்சியால், ஜெரார்ட் செகோட்டோ, ஜார்ஜ் பெம்பா போன்ற கறுப்பினக் கலைஞர்களின் படைப்புகள் ஒரு பல்கலைக்கழகத்தில் இன்றும் இருக்கின்றன. அது ஆசிரியர்களின் சேகரிப்பு அல்ல. ஆனாலும் கலைத் துறைக்கு வெளியே இருந்த ஒருவர் அக்கறை எடுத்ததால் எவ்வளவு தங்கியது என்பதற்கு அதைக் காட்டாமல் இருக்க முடியவில்லை.

வெர்ஸ்டரைப் பற்றி இன்னும் ஒன்று. 2004-இல் ஜொகானஸ்பர்க்கில் திறக்கப்பட்ட அரசியலமைப்பு நீதிமன்றத்தின் பெரிய மரக்கதவுகளில், நாட்டின் அரசியலமைப்பில் உள்ள உரிமைச் சாசனத்தின் 27 உரிமைகள் செதுக்கப்பட்டிருக்கின்றன. அந்தக் கதவுகளின் உருவாக்கத்தில் அவரும், டர்பனில் சிற்பம் கற்பித்த ஆன்ட்ரீஸ் போத்தாவும் பங்கு கொண்டார்கள். இனவாரியாகப் பிரிக்கப்பட்ட கல்லூரியில் கற்பிக்கத் தொடங்கிய ஒருவரின் கை, சமத்துவம் என்ற சொல் செதுக்கப்பட்ட கதவு வரை வந்த வழியை ஒரு மாணவர் பின்தொடர வேண்டுமானால், 1960-களில் அவர் வரைந்த வரைவுகளும் அன்று அவரிடம் கற்றவர்கள் வரைந்தவையும் எங்காவது ஒழுங்காக எண்ணிடப்பட்டு இருக்க வேண்டும்.

அவற்றில் சில, டர்பனில் இந்தியர்கள் மிகுந்து வாழும் சாட்ஸ்வொர்த்திலோ ஃபீனிக்சிலோ ஒரு வீட்டு அலமாரியின் மேல்தட்டில் சுருட்டி வைக்கப்பட்டிருக்கலாம். சாலிஸ்பரி தீவிலோ வெஸ்ட்விலிலோ கலை பயின்ற அத்தையோ பெரியப்பாவோ உங்கள் குடும்பத்தில் இருந்தால், அவர்கள் இருக்கும்போதே அந்தச் சுருளைப் பிரித்து, எந்த ஆண்டு, எந்த வகுப்பு, யார் கற்பித்தார், இந்தக் கோடு ஆசிரியர் திருத்தியதா, தாமே போட்டதா என்று கேட்டுக் கைப்பேசியில் பதிவு செய்துகொள்ளுங்கள். பின்பக்கத்தில் பேனாவால் எதையும் எழுத வேண்டாம். மை ஊறி முன்பக்கம் வந்துவிடும். அமிலமற்ற தனித் தாளில் குறிப்பை எழுதிச் சேர்த்து வையுங்கள். படைப்பின்மேலேயே குறிக்க வேண்டியிருந்தால் மென்மையான பென்சிலால், பின்புற ஓரத்தில், அழுத்தாமல் எழுதுங்கள். செலோடேப் ஒட்டியிருந்தால் நீங்களே பிய்க்காமல், அப்படியே கலைக்கூடத்துக்குக் கொண்டு போய்க் காப்பாட்சியரிடம் காட்டுங்கள்.